இடது கட்டைவிரலில் இடம் ஒன்றுதான்: லாக்அவுட் ரிமோட்டா, டிராப்பர் லீவரா?

2024 ஜூலை 7, மாலை. அஸ்தம்பட்டியில் இருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணா, என் சைக்கிளில் முன்னால் ரெண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. முன்சக்கரத்து ஷாக்கான ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டுகிற லாக்அவுட் ரிமோட் வாங்கும்போதே இடது பக்கம் வந்துவிட்டது. இப்போது ஓட்டிக்கொண்டே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் போடலாம் என்று ஆசை. ஆனால் இடது பக்கத்தில் முன் கியர் லீவர், பிரேக், லாக்அவுட் மூன்றும் டவுன் பஸ் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. லாக்அவுட்டைக் கழற்றிவிடலாமா? கழற்றினால் ஏற்காடு ஏற முடியாது, 20 கொண்டை ஊசியிலும் ஃபோர்க் தவளை போலக் குதிக்கும் என்று கூட வருகிறவர்கள் பயமுறுத்துகிறார்கள்.

ஜூலை 7, இரவு

கழற்றுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

கணக்கு இவ்வளவுதான். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஃபோர்க்கைப் பூட்டுகிறோம். சேலத்தில் இருந்து எடுத்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், ஒரே தார் ரோடு. ஏரிக்கரையில் போய் இறங்கித் திறக்கிறோம். மொத்தம் ரெண்டு தடவை. ரெண்டு தடவை செய்கிற வேலைக்கு ஹேண்டில்பாரில் ஒரு லீவர், அதற்கு ஒரு கேபிள், அது துருப்பிடித்தால் இன்னொரு கேபிள் எதற்கு? ஃபோர்க்கின் தலையில் ஒரு திருகு இருந்தால் குனிந்து திருப்பிவிட்டுப் போகலாம். டிராப்பர் அப்படியில்லை. எஸ்டேட் ஓரத்து ஜீப் பாதையில் பத்து நிமிஷத்துக்குள் நாலு தடவை சீட்டு இறங்கும், ஏறும். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற வேலைக்குத்தான் கட்டைவிரல்.

தவளைக் கதை பாதி உண்மை. உட்கார்ந்து ஒரே சீராக மிதித்தால் ஃபோர்க் அவ்வளவு ஆடாது. எழுந்து நின்று மிதிக்கிறவர்களுக்குத்தான் குதிக்கும்.

ஜூலை 8

நேற்று தூக்கக் கலக்கத்தில் முழுசாகச் சொல்லவில்லை. ரிமோட்டோடு வந்த ஃபோர்க்கில் கேபிளைக் கழற்றினால் வேலை முடியாது. தலையில் இருப்பது கையால் திருப்புகிற திருகு அல்ல, கேபிளைச் சுற்றியிழுக்கும் ஒரு சின்னச் சக்கரம். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். கேபிளை விட்டதும் அது தானாக ஒரு பக்கம் திரும்பி நின்றுவிடும். சில ஃபோர்க்கில் அது திறந்த நிலை, சிலவற்றில் பூட்டிய நிலை. முதல் வகையென்றால் பிழைத்தீர்கள். லாக்அவுட் போகும், ஃபோர்க் வேலை செய்யும். இரண்டாவது என்றால் கேபிள் இல்லாத ஃபோர்க் எப்போதும் கட்டைதான்.

எது என்று பார்ப்பது சுலபம். கேபிளின் பிடிதிருகைத் தளர்த்துங்கள், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அமுக்கிப் பாருங்கள். அமுங்கினால் சரி. கையால் திருப்பும் மேல்பாகத்தைச் சில மாடல்களுக்குத் தனியாக விற்கிறார்கள். உங்கள் ஃபோர்க்குக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஜூலை 8, கொஞ்சம் கழித்து

"பூட்டினால் ஃபோர்க் முழுசாக இரும்பாகிவிடுமா" என்று ஒருவர். இல்லை. எண்ணெய் போகிற வழியை அடைக்கிறது, அவ்வளவே. பல ஃபோர்க்குகளில் ஒரு அவசர வழி விட்டிருப்பார்கள். பெரிய பள்ளத்தில் தடாலென்று விழுந்தால் அந்த வால்வு திறந்து எண்ணெயை விடும். அதை நம்பி இறக்கத்தில் பூட்டியபடியே வராதீர்கள். நான் வந்திருக்கிறேன். ரெண்டு நாள் சோற்றைப் பிசைய முடியவில்லை.

ஜூலை 14

எழுதியதை நானே சோதிக்கலாம் என்று இன்று ஒரு வேலை செய்தேன். வலது பாக்கெட்டில் முப்பது புளியங்கொட்டை. டிராப்பரை இறக்கும்போதெல்லாம் ஒன்றை இடது பாக்கெட்டுக்கு மாற்றுவது என்று திட்டம். குப்பனூர் வழியாக ஏறி, மேலே எஸ்டேட் பாதைகளில் சுற்றிவிட்டு, அடிவாரம் வழியாக இறக்கம்.

ஏறி முடிக்கும்வரை ஆறு. மேலே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகிற கல் பாதையில் முக்கால் மணி நேரத்தில் கொட்டை தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் எண்ணவில்லை. இறக்கத்தில் வேறு, ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் சீட்டு கீழே போய்விட்டு வந்தது. லாக்அவுட்டை மனசிலேயே எண்ணினேன். ஐந்து. அதில் ஒன்று எதிரே காட்டெருமை நின்றபோது பதற்றத்தில் மாற்றி அமுக்கியது. சீட்டை இறக்கிக் கால் ஊன்றலாம் என்று நினைத்து ஃபோர்க்கைப் பூட்டிவிட்டேன். எருமை கண்டுகொள்ளவில்லை.

ரெண்டு தடவை என்று எழுதியவன் நான். ஐந்து ஆகியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பிறகு யோசிக்க வேண்டும்.

ஜூலை 15

டிராப்பர் அளவு கேட்ட தம்பிக்கு: பழைய சீட் போஸ்டை வெளியே உருவினால் அடியில் எண் பொறித்திருக்கும். 27.2, 30.9, 31.6, 34.9 இவற்றில் ஒன்றாக இருக்கும், மில்லிமீட்டரில். 27.2 என்றால் டிராப்பர் கிடைக்கும், ஆனால் வகை குறைவு, இறங்கும் தூரமும் பொதுவாகக் குறைவு. ஃபிரேமின் குழாய் பெரிது, போஸ்ட் சின்னது என்றால் இடையில் தகட்டுக் குழல் போட்டுச் சமாளிக்கலாம். தலைகீழாக முடியாது. யாராவது குழாயைக் கடைசல் பட்டறையில் குடைந்து தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். குழாயில் எவ்வளவு ஆழம் போஸ்ட் இறங்குகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் பிடிக்கிற திருகு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். என் பழைய சைக்கிளில் அதில்தான் முட்டியது.

ஜூலை 21

லீவர் எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் முக்கியம். விலை அப்புறம்.

லீவர் ரெண்டு ஜாதி. ஒன்று ஹேண்டில்பாருக்கு மேலே நிற்கும் பித்தான் அல்லது குச்சி. இன்னொன்று பழைய இடது கியர் லீவர் இருந்த இடத்தில், பாருக்கு அடியில், துடுப்பு போலப் படுத்திருப்பது. முதல் வகை முன் கியர் இருந்த காலத்துப் பிள்ளை. 2010இல் வந்த ராக்‌ஷாக்ஸ் ரிவர்ப் டிராப்பரில்கூட மேலே ஒரு பித்தான்தான், அதுவும் எண்ணெயால் இயங்குவது. 2012இல் ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11 என்று இறக்கியது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இடது கட்டைவிரலுக்கு வேலை போயிற்று. காலியான அந்த இடத்தில்தான் துடுப்பு லீவர் வந்து குடியேறியது. ரிவர்பும் 2018இல் துடுப்புக்கு மாறியது.

முன்னால் ரெண்டு சக்கரம் வைத்திருப்பவர் துடுப்பு லீவர் வாங்கினால் கியர் லீவரோடு மோதும். மேலே நிற்கும் வகைதான் வழி. அதில் ஒரு குறை: கட்டைவிரலைப் பிடியில் இருந்து தூக்கி பாருக்கு மேலே கொண்டுபோக வேண்டும். கல் மீது சைக்கிள் தடதடக்கும்போது கட்டைவிரலைத் தூக்கினால் பிடி பாதியாகிவிடுகிறது. துடுப்பில் விரல் பிடியோடு ஒட்டியே நகரும். அந்தக் காலத்தில் சிலர் வலது பக்கத்துக்கான ரிவர்ப் பித்தானை வாங்கி, இடது பக்கம் தலைகீழாக அடியில் மாட்டினார்கள். அழகான வேலை.

பொருத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். ரெண்டு கையும் பிடியில், ஒரு விரல் பிரேக்கில். கட்டைவிரல் தானாக எங்கே போகிறதோ அங்கே லீவர் இருக்க வேண்டும். லீவர் இருக்கிற இடத்துக்கு விரலைப் பழக்காதீர்கள். பார் பிடியருகில் 22.2 மில்லிமீட்டர்தான், எந்த கிளாம்பும் சேரும். பிரேக்கின் வளையத்திலேயே லீவரையும் மாட்டுகிற இணைப்புகள்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்த்து வாங்குங்கள்.

ஆகஸ்ட் 4

ஆடி மாதம். ஊரெல்லாம் மாரியம்மன் கோயில் கூட்டம், ரேடியோ செட். மலைக்குப் போகவில்லை. கன்னங்குறிச்சி பக்கம் மூக்கனேரியைச் சுற்றிவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிட நின்றேன். கடைக்கார அக்கா நான் சீட்டை இறக்கியதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, சீட்டு உடஞ்சு போச்சுங்களா?" என்றார். லீவரை அமுக்கி எழுப்பிக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். "எங்க ஊட்டுக்காரர் நாற்காலிக்கு இது கெடைக்குமா?"

அங்கே நின்ற ஒரு பையன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டே அமுக்கினான், இறங்கினான். எழுந்து நின்று அமுக்கினான், படாரென்று ஏறியது. எங்கே பட்டது என்பதை எழுதவில்லை.

ஆகஸ்ட் 11

இன்று கேபிள் அறுந்தது. கொட்டச்சேடு தாண்டி. சீட்டு கீழே இருந்தபோது.

டிராப்பரில் கேபிள் அறுந்தால் வால்வு மூடிக்கொள்ளும், சீட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேயே நிற்கும். மேலே நின்றிருந்தால் சாதாரணமாக ஓட்டி வந்திருப்பேன். கீழே நின்றதால், மூன்று வயதுக் குழந்தையின் சைக்கிளில் பெரிய ஆள் உட்கார்ந்த கோலத்தில், முழங்கால் காதைத் தொட வீடுவரை வந்தேன். பாதி தூரம் நின்றுகொண்டே மிதித்தேன். வழியில் ஒரு பஸ் முழுக்க சிரித்தது.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது. பையில் ஆலன் கீ இருந்தது. சீட் கிளாம்பைத் தளர்த்தி, போஸ்டை வெளியே உருவி, அடியில் இருக்கிற நெம்பியை விரலால் அமுக்கினால் சீட்டு மேலே வந்துவிடும். திரும்பச் சொருகி இறுக்கிவிட்டு ராஜா மாதிரி வந்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன், எனக்கு உதவவில்லை.

ஆகஸ்ட் 12

ஏன் அறுந்தது என்பதில் என் பெருமை கொஞ்சம் அடிபடுகிறது.

டிராப்பர் கேபிள் என்பது சாதாரண கியர் கேபிள்தான், 1.1 அல்லது 1.2 மில்லிமீட்டர். அது நழுவாமல் பிடிக்கிற உலோகக் குண்டு ஒரு முனையில்தான் இருக்கும். சில போஸ்ட்டில் குண்டு லீவர் பக்கம், சிலவற்றில் போஸ்ட்டின் அடியில். லீவரும் போஸ்ட்டும் வேறு வேறு கம்பெனி என்றால் இதைப் பார்த்து வாங்க வேண்டும். என்னுடையதில் குண்டு கீழே, வெட்டிய முனை லீவரில். அங்கே ஒரு சின்னத் திருகு கேபிளை நசுக்கிப் பிடிக்கும். ஒவ்வொரு தடவை சரிசெய்யும்போதும் இழை இழையாகப் பிரிந்து துடைப்பமாகிவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை. என் மச்சான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். முனையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெங்காரம் தடவி, வெள்ளிப் பற்றாசு வைத்து ஊதிக் கொடுத்தார். முனை கொலுசுத் திருகாணி மாதிரி மின்னியது. ஊரெல்லாம் காட்டினேன்.

நேற்று அறுந்தது அந்தப் பற்றுக்கு ஒரு விரற்கடை பின்னால்.

மச்சானிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இழுத்த கம்பியச் சுட்டா இளகத்தானே செய்யும் மாப்ளே. கொலுசுக்கு இழுக்கறப்போ இறுகிப் போவும், சுட்டுத்தான் மறுபடி இழுப்போம். இது வண்டிக்குன்னு நீ சொல்லவே இல்லியே." கேபிளின் பலமே குளிரக் குளிர இழுத்து இறுகிய இரும்பிழையில்தான் இருக்கிறது. வெள்ளிப் பற்றாசு உருக 600, 700 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் இழை பதம் இழந்துவிடும். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளுக்குக் குண்டு வைக்கிறவர்கள் ஈயம்தான் பயன்படுத்துவார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்தது 200 டிகிரிக்குக் கிட்டத்திலேயே உருகிவிடும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது முனையில் அலுமினியத் தொப்பி போட்டு நசுக்கியிருக்கிறேன். ரெண்டு ரூபாய் சமாச்சாரம்.

செப்டம்பர் 8

"லீவர் கல் மாதிரி இருக்கிறது, சீட்டு முக்கி முக்கி மேலே வருகிறது, லீவரை மாற்றலாமா" என்று ரெண்டு பேர். லீவரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சீட் கிளாம்பைக் கால் திருப்பு தளர்த்திவிட்டு அமுக்கிப் பாருங்கள். சீட்டு சர்ரென்று வந்தால் குற்றவாளி கிளாம்ப். டிராப்பரின் வெளிக்குழாய் மெல்லியது. அதிகம் இறுக்கினால் உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் 5, 6 நியூட்டன் மீட்டர் போதும். நம் ஊரில் "ஒரு திருப்பு சேர்த்தே இறுக்குங்க, கழலக் கூடாது" என்பார்கள். லாரிக்குச் சரி.

லீவர் கனத்துக்குக் காரணம் வேறு: கேபிளின் மேலுறையான அவுட்டர் எங்கேயோ முறுக்கி வளைந்திருக்கும், அல்லது வெட்டிய முனை நசுங்கியிருக்கும். ஃபிரேமுக்குள்ளே பெடல் அச்சுக்குப் பக்கத்தில் திரும்புகிற இடத்தைப் பாருங்கள். அவுட்டரை வெட்டினால் முனையை அரத்தால் தட்டையாக்கி, ஊசியால் வாயைத் திறந்துவிட வேண்டும்.

அக்டோபர் 6

ஜூலையில் விட்ட கணக்கு. லாக்அவுட் ரெண்டா, ஐந்தா.

இந்த ரெண்டு மாதத்தில் நாகலூர் பக்கம் நாலைந்து தடவை போய்வந்தேன். அடிவாரப் பாதை ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். மலை மேலே அப்படியில்லை. முந்நூறு மீட்டர் தார், அப்புறம் ஒரு பள்ளம், மறுபடி முகட்டுக்கு ஒரு முக்கல், அப்புறம் காபிக் களத்தை ஒட்டி மண் பாதை. அங்கே நான் பூட்டித் திறந்து பூட்டித் திறந்து போனேன். குனிந்து திருகைத் திருப்பிக்கொண்டிருந்தால் பாதையோரம் மிளகுக் கொடியோடுதான் நின்றிருப்பேன். ஆக, "யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதியது அடிவாரத்தை மட்டும் நினைத்து. எனக்கு வயசும் 50ஐத் தாண்டிவிட்டது; முகட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஃபோர்க் அமுங்கினால் எரிச்சல் வருகிறது.

பின்னாலும் ஷாக் இருக்கிற சைக்கிளுக்கு நான் சொன்னது இன்னும் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் உட்கார்ந்து எழும். ஸ்காட் சைக்கிள்களில் ட்வின்லாக் என்று ஒன்று, ஒரே லீவர் முன்னையும் பின்னையும் சேர்த்து மூன்று நிலைக்கு மாற்றும். அந்த நடு நிலைதான் எஸ்டேட் பாதைக்கு அச்சு அசல். ஒரு நண்பருடையதை ஓட்டிப் பார்த்தேன். லீவர்கள் அடுக்கடுக்காக, ஆர்மோனியப் பெட்டி மாதிரி இருந்தது. பழகிவிட்டால் வாசிக்கலாம்.

அக்டோபர் 7

"இதெல்லாம் பழைய காலம், இப்போது ஒயரே இல்லை" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். உண்மைதான். 2019இல் ரிவர்ப் ஏஎக்ஸ்எஸ் வந்தது, லீவருக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே கேபிள் கிடையாது. லீவரில் ஒரு பட்டன் பேட்டரி, போஸ்ட்டில் சார்ஜ் செய்கிற பேட்டரி. 2021இல் ஃபிளைட் அட்டெண்டண்ட். ஃபோர்க்கும் ஷாக்கும் ஏற்றமா இறக்கமா என்று உணர்ந்து தாமே பூட்டித் திறக்கும். லாக்அவுட் லீவருக்குக் கடைசியில் அதுதான் கதி என்று தோன்றுகிறது. விலையைப் பார்த்தேன். என் கட்டைவிரல் இன்னும் சில வருஷம் உழைக்கட்டும்.

சீட்டை இறக்குவது மலைச் சைக்கிள்காரர்களின் கிறுக்கு என்று நினைப்பவர்களுக்கு: 2022இல் மிலான்–சான்ரெமோ ரோடு பந்தயத்தை ஸ்லோவேனிய வீரர் மொஹோரிச் ஜெயித்தது டிராப்பர் போட்ட ரோடு சைக்கிளில். கடைசிக் குன்றான போஜியோவின் இறக்கத்தில்தான் மற்றவர்களை விட்டுப் பிரிந்தார். அதுவும் நம் கொண்டை ஊசி மாதிரி தார் ரோடுதான்.

டிசம்பர் 8

ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண்சரிவு, போக்குவரத்தை நிறுத்தினார்கள். சும்மா இருந்த நேரத்தில் கேபிள்களை உருவிப் பார்த்தேன். அவுட்டருக்குள்ளே போன தண்ணீர் வெளியே வரவே இல்லை, உள்கேபிள் செம்மண் நிறம். மழைக்காலம் முடிந்ததும் உள்கேபிளை மாற்றிவிடுவது நல்லது. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், குளிரில் மேலே உறைந்துவிடும். மார்கழியில் ஏற்காட்டில் எனக்கு அது நடந்தது.

டிசம்பர் 22

கேள்வி கேட்ட தம்பி இன்று வீட்டுக்கே சைக்கிளைக் கொண்டுவந்தார். அஸ்தம்பட்டிக்கும் எங்கள் வீட்டுக்கும் பத்து நிமிஷம், ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவர் லாக்அவுட்டைக் கழற்றவில்லை. டிராப்பரும் போட்டிருக்கிறார். கழற்றியது முன் கியரை. முன்னால் 30 பல் ஒரே சக்கரம், பின்னால் பழைய எட்டு, பெரியது 34. கியர் லீவர் போன இடத்தில் துடுப்பு, மேலே லாக்அவுட் பித்தான். நான் ஆறு மாதமாக ரெண்டில் எதை எடுப்பது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஒன்று அங்கேயே தொங்கிக்கொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை. முன்னால் ஒரே பல்சக்கரம் வைப்பது பற்றி ஜூலை 21இல் நானே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன் என்பதை அவர் சிரிக்காமல் நினைவூட்டினார்.

ஏற்றத்தில் கொஞ்சம் கனமாக இருக்கிறதாம். 28 பல் சக்கரம் தேடுகிறார்.

ஓட்டிப் பார்த்தேன். கோரிமேட்டுப் பக்கம் ஒரு கல் இறக்கத்தில் சீட்டை இறக்கலாம் என்று அமுக்கினேன், ஃபோர்க் பூட்டிக்கொண்டது. பல் தந்தியடித்தது. ரெண்டு லீவரும் விரலுக்கு ஒரே வழவழப்பு. துடுப்பின் மேலே பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.